மாமா உன் காலில் ஏன் விழுந்தார்

தம்பி,

உன் மாமா உன்னைக் கேலி செய்யவில்லை! இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று நேற்றிலிருந்து துடித்துக்கொண்டிருக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "சரிம்மா, வேலையா இருக்கேம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் பழைய காலத்து மனுஷி மாதிரி பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன். உன் மனைவி கௌரி என்னைப் பார்க்க அய்யம்பாளையம் வந்திருக்கிறாள். அவள் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ செண்பகனூரில் எந்த வேலையில் இருந்தாலும் அதை ஓரமாக வைத்துவிட்டு, உட்கார்ந்து, கடைசி வரி வரைக்கும் படி. திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கப் போகிறதற்கு முன்னால் படித்தாக வேண்டும். எனக்கு இருக்கிற சந்தோஷத்தில் எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்றே தெரியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வரிசையாகச் சொல்கிறேன்.

போன வாரம் நீ போன் பண்ணி அழுதாய். பிள்ளை பெற்றவன், ஆறு அறை உள்ள கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறவன், சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினாய். இரண்டு சீசன் மழையில் போய்விட்டது, குத்தகைப் பாக்கி ஏறிவிட்டது, டூரிஸ்ட்டுகளுக்காக வாங்கிய வேனுக்கு மாதத் தவணை கட்ட முடியவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கே சொன்னாய். "எல்லாம் முடிஞ்சதும்மா. ஐ.பி. போடப் போறேன். திங்கக்கெழம வக்கீல் வரச் சொல்லியிருக்காரு" என்றாய். ஐ.பி. என்று நீ நாகரிகமாகச் சொன்னாலும் எனக்குக் காதில் விழுந்தது மஞ்சள் கடுதாசி என்றுதான். என்னிடம் எதுவும் இல்லை, என்னை விட்டுவிடுங்கள் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுக்கிற சமாச்சாரம். அது பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். கதவெல்லாம் அடைத்துப்போனவனுக்குச் சட்டம் திறந்து வைத்திருக்கிற சன்னல் அது. ஆனால் உன்னை நம்பிக் கடனுக்கு மளிகை போட்டவரும், போர்வை துவைத்துக் கொடுத்தவரும், பால் ஊற்றினவரும் அதோடு வாயைத் துடைத்துக்கொண்டு போக வேண்டியதுதானே? அதை நினைத்துத்தான், "சொந்தக்காரங்க யார்கிட்டயாவது கேட்டியாடா?" என்றேன். அதற்கு நீ சொன்ன பதிலில் எனக்குத் தலை சுற்றிவிட்டது.

நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், சரியா என்று பார்த்துக்கொள். தைப்பூசத்துக்கு மாலை போட்டிருந்தாய். பழனிக்கு நடந்து போவதற்கு முன்னால் பண்ணைக்காடு போய் மாமாவைப் பார்த்தாய். மாமா களத்தில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தார். நீ கை கூப்பி, "மாமா, ஒரு பெரிய காரியத்துல எறங்கியிருக்கேன். வேற வழி இல்லாம ஒங்க வாசலுக்கு வந்திருக்கேன். ஒங்களால முடிஞ்சதக் குடுங்க" என்றாய். அவர் உடனே அத்தையைக் கூப்பிட்டார். அத்தை மஞ்சள் தண்ணீர் கொண்டு வந்து உன் காலில் ஊற்றினாள். மாமா நெடுஞ்சாண்கிடையாக உன் காலில் விழுந்தார். தட்டில் வெற்றிலை பாக்கோடு ஐந்நூற்று ஒரு ரூபாய் வைத்து, இரண்டு படி அரிசியும் ஒரு சீப்பு மலைவாழைப்பழமும் கொடுத்து, "நல்லபடியா போயிட்டு வாங்க சாமி" என்று வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். "பெரிய கும்பிடாப் போட்டு அனுப்பிட்டாரும்மா. நான் மூழ்குனது அவருக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுக்கிட்டே பிச்சைக்காரன் மாதிரி நடத்திட்டாரு. இனி ஒரு சொந்தக்காரன் வாசல மிதிக்க மாட்டேன்" என்று நீ சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

என் கோபம் உனக்குத் தெரியும். நான் யோசித்துவிட்டுக் கோபப்படுகிறவள் இல்லை, கோபப்பட்டுவிட்டு யோசிக்கிறவள். புதன்கிழமை வெள்ளனே எழுந்து, மலைக்குப் போகிற முதல் பஸ்சைப் பிடித்தேன். வளைவுக்கு வளைவு ஒரு வசனம் தயார் பண்ணிக்கொண்டே போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "யாருக்காச்சும் ஒடம்புக்கு முடியலயாக்கா?" என்று கேட்டாள், என் முகம் அப்படி இருந்திருக்கிறது. பண்ணைக்காட்டில் இறங்கி அண்ணன் வீட்டுக்குப் போனபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மதினி, அதுதான் உன் அத்தை, செம்பில் தண்ணீர் நீட்டினாள். நான் வாங்கவில்லை. நின்றபடியே ஆரம்பித்துவிட்டேன்.

"ஏண்ணே, ஒனக்கு ஒரே தங்கச்சி நானு. எம்புள்ள கஷ்டம்னு வாசல்ல வந்து நின்னா, கால்ல விழுந்து நக்கல் பண்ணுவியா? ஐந்நூத்தி ஒண்ணு குடுத்தியாம்ல? அந்த ஒத்த ரூவாய எதுக்கு வச்ச?"

அண்ணன் வாயில் வைத்த இட்லியை மெல்லாமல் என்னைப் பார்த்தார். மதினியைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"என்னாத்தா சொல்ற? ஒத்த ரூவா வைக்காம எப்பிடிக் குடுக்கறது? மடிப்பிச்சைக்கு மொட்டையாவா குடுப்பாக?"

"என்னது, மடிப்பிச்சையா?"

"ஆமா. மாலையும் கழுத்துமா, பச்ச வேட்டியோட, செருப்பில்லாம வந்து நிக்கிறான். முடிஞ்சதக் குடுங்கங்கிறான். பழனிக்கு நடக்கறதுக்கு மடிப்பிச்ச எடுக்க வந்திருக்கான், மொத வாசலா தாய்மாமன் வாசலுக்கு வந்திருக்கான்னு எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. சாமின்னு கால்ல விழுந்தேன். இதுல என்ன நக்கலு?"

நான் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். பஸ்சில் தயார் பண்ணிக்கொண்டு போன வசனமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. முதலில் சிரித்தது மதினிதான். அவள் சிரிக்க, நான் சிரிக்க, எனக்குச் சிரிப்பிலேயே அழுகை வந்துவிட்டது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, "அப்ப எம்மருமகன் எங்கிட்ட எதுக்கு வந்தான்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனது. "கடன் கேட்டு வந்த புள்ளைக்கு அரிசி அளந்து குடுத்துட்டேனேத்தா" என்று அவர் சொன்னபோது அந்தப் பெரிய மனுஷனைப் பார்க்கவே பாவமாக இருந்தது. நான் போட்ட சத்தத்துக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். உன் சார்பாகவும் சேர்த்துக் கேட்டேன், நீ தனியாகக் கேட்டாலும் தப்பில்லை.

ஏண்டா ராசா, அந்த அரிசியைப் பார்த்தாவது உனக்குப் புரிந்திருக்க வேண்டாமா? கடன் கேட்கிறவனுக்கு உலகத்தில் யாராவது இரண்டு படி அரிசி அளந்து போடுவார்களா? வெட்கம் வந்து கண்ணை மறைத்துவிட்டது, அதுதான் விஷயம். மனசுக்குள் குறுகிக்கொண்டு போகிறவனுக்கு மரியாதைகூட அவமானமாகத் தெரியும். நீ வேண்டுதல் வைத்து மாலை போட்டது நல்ல காரியம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சாமியாகப் போய் நின்றுகொண்டு ஆசாமி கடனைக் கேட்கலாமா? அதுவும் எப்படிக் கேட்டாய்? எவ்வளவு என்று சொல்லவில்லை. எதற்கு என்று சொல்லவில்லை. எப்போது திருப்பித் தருவேன் என்று சொல்லவில்லை. கடன் என்ற வார்த்தையையே வாயில் எடுக்கவில்லை. "முடிஞ்சதக் குடுங்க" என்பது உண்டியல் குலுக்குகிறவர்களின் வார்த்தை. முடிந்ததைக் கேட்டாய், அவர் முடிந்ததைக் கொடுத்தார். கணக்கு நேராகத்தானே இருக்கிறது!

கடன் என்று சொல்வதற்கு உனக்கு ஏன் நாக்கு எழவில்லை என்று எனக்குத் தெரியும். நீ உன் அப்பாவைப் பார்த்து வளர்ந்தவன். நம் தோப்பில் கிணறு தோண்டியபோது நடந்தது உனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கும். வத்தலக்குண்டில் இருந்த, அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணனான உன் பெரியப்பாவிடம் கொஞ்சம் பணம் வாங்கினோம். கிணற்றில் தண்ணீரும் வந்தது, கடனையும் தவணை தவணையாகக் கொடுத்தோம். கடைசித் தவணை ஒன்று பாக்கி நின்றது. உன் அப்பா மறந்துவிட்டார். அவர் மறந்தாரே தவிர, பெரியப்பா மறக்கவில்லை. கேட்கவும் இல்லை. வாய் திறந்து கேட்பதற்குப் பதிலாக, நான் புதுச் சேலை கட்டினால் சேலையைப் பார்ப்பார். வீட்டில் கறி எடுத்தால் குழம்புச் சட்டியைப் பார்ப்பார். "ஒங்களுக்கென்னப்பா, தாராளமா இருக்கீக" என்பார். நான் அவர் வருகிறார் என்று தெரிந்தால் பழைய சேலைக்கு மாறிக்கொள்வேன். எதற்கு மாறுகிறேன் என்று எனக்கே தெரியாது! ஒரு நாள் அப்பாவுக்குச் சுருக்கென்று ஞாபகம் வந்து, அந்தப் பணத்தோடு ஒரு குலை இளநீரையும் தூக்கிக்கொண்டு ஓடினார். பெரியப்பா பணத்தை வாங்கி வைத்துவிட்டு, "இத வாங்கத்தான் இத்தன நாளு ஒன்ன மொறச்சுக்கிட்டுத் திரிஞ்சேன், வெக்கமா இருக்குடா" என்று அழுதாராம்.

அன்றைக்கு உன் அப்பா ஒரு தப்பான பாடத்தைக் கற்றுக்கொண்டார். இனிமேல் சொந்தக்காரனிடம் கடனே வாங்கக் கூடாது என்று முடிவு பண்ணி, அதை உனக்கும் ஊட்டிவிட்டார். கடன் அன்பை முறிக்கும் என்று கடைகளில் எழுதிப் போட்டிருப்பதை அவர் வேத வாக்கு மாதிரி சொல்வார். எனக்கு அதில் அன்றும் சம்மதமில்லை, இன்றும் சம்மதமில்லை. கடன் அன்பை முறிக்கவில்லை. மூடி வைத்த வாய்தான் முறித்தது. ஒரு தவணை தள்ளிப்போகிறது என்று அப்பா சொல்லியிருந்தால் பெரியப்பா என் சேலையை எதற்குப் பார்க்கப் போகிறார்? ஆகவே நீ வாங்கு. வாங்கினால் அவர்கள் கண் முன்னாலேயே வாழு. கறி எடுத்தால் எடுத்தேன் என்று சொல். தவணை தவறினால் அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீ போய் நில். அந்த வீட்டுக் கல்யாணம் காதுகுத்துக்குப் பயந்துகொண்டு போகாமல் இருக்காதே, முதல் ஆளாகப் போய்ப் பந்தியில் தண்ணீர் ஊற்று. கடன்காரன் ஒளிகிறபோதுதான் கொடுத்தவனுக்குப் பயம் வருகிறது.

இப்போது நடந்ததில் முக்கியமானதற்கு வருகிறேன். எனக்கு இதை எழுதும்போதே கை பரபரக்கிறது. விஷயத்தைக் கேட்டவுடன் உன் மாமா, "நான் தர்றேன், நாளைக்கே தர்றேன்" என்று குதித்தார். தாய்மாமன் இல்லையா! ஆனால் மதினி கையை நீட்டி அவரை நிறுத்தினாள். அந்த நேரத்தில் எனக்கு அவள் மேல் கோபம்தான் வந்தது, உள்ளதைச் சொல்கிறேன். பிறகுதான் அவள் பேசினாள். "எங்க வீட்ல இருக்கறது காப்பியும் மெளகும் வித்து எம்மகளுக்குன்னு சேத்து வச்ச காசு. ஆவணில கல்யாணம் வச்சிருக்கோம்னு ஒங்களுக்கே தெரியும். நாங் குடுக்க மாட்டேன்னு சொல்லல. அவுக அவசரப்பட்டுக் குடுத்துட்டு அப்பறம் ராத்திரி பூராம் முழிச்சுக்கிட்டுக் கெடப்பாக. அதனால அவன் வரணும். எங்கிட்டக் கேக்கணும். எம்புட்டு, யாருக்கு, எப்பத் தருவன்னு நாங் கேப்பேன், அவஞ் சொல்லணும். ஒங்ககிட்டச் சொல்லி அனுப்பறதெல்லாம் வேணாம்."

தம்பி, கடன் கேட்டு வந்தவனிடம் கேள்வி கேட்கிறார்கள் என்றால் அது நல்ல சகுனம். கொடுக்க மனசில்லாதவன் கேள்வியே கேட்க மாட்டான், கையில் இல்லையே என்று முடித்துவிடுவான். மதினி இன்னும் ஒன்று சொன்னாள், அது எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. "வேன வித்துறச் சொல்லுங்க. கெஸ்ட் ஹவுஸ வச்சுக்கிறதா விடுறதான்னு அவன் முடிவு பண்ணட்டும். ஆனா பழைய கடன அடைக்கத்தான் நாங்க தருவோம், புதுசா பெயிண்ட் அடிக்கத் தர மாட்டோம்." பார்த்தாயா! உன் வக்கீல்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார். நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பாய். போடா! மூழ்குகிறவனுக்கு வேண்டுமானால் வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம். கரையில் நின்று கை கொடுக்கிறவனுக்குச் சாணா முழமா என்று தெரிந்தால்தான் எவ்வளவு தூரம் குனிவது என்று தெரியும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ பண்ணைக்காட்டில் இருக்க வேண்டும். மாமா தன் பங்காளிகள் இரண்டு பேரையும் வரச் சொல்லியிருக்கிறார். அவர்களும் ஆளுக்குக் கொஞ்சம் தருவதாக வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள். முழுசும் அடைபடாது, ஆனால் மளிகைக்காரருக்கும் பால்காரருக்கும் வேலை செய்த பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டு, மீதிக்காரர்களிடம் நின்று தவணை பேசுகிற அளவுக்குக் கை ஊன்றிக்கொள்ளலாம். ஒரு வாரத்துக்கு முன்னால் எல்லாம் முடிந்தது என்று அழுதாயே, இப்போது பார்! எனக்கு அன்றைக்குப் பஸ்சில் திரும்பி வரும்போது பாட்டுப் பாட வேண்டும் போல இருந்தது. பாடவும் பாடினேன், மெதுவாக.

இந்தச் சந்தோஷத்தோடு கடிதத்தை முடித்திருப்பேன். நேற்று சாயங்காலம் கௌரி வந்தாள். நானும் அவளும் அடுப்படியில் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை நீ அத்தையிடம் எப்படிப் பேச வேண்டும் என்று நாடகம் மாதிரி நடித்துப் பார்த்தோம். அவள் அத்தை, நான் நீ. "எம்புட்டுப்பா கடன்?" என்று அவள் குரலை மாற்றிக் கேட்டாள். "பதினோரு லட்சம் அத்தை" என்றேன், நீ என்னிடம் சொன்ன தொகை. கௌரி சிரிப்பை நிறுத்திவிட்டு, "பதினொண்ணா? எங்கிட்ட ஏழுன்னுல்ல அத்த சொன்னாரு" என்றாள்.

பெண்டாட்டிக்கு ஒரு தொகை, அம்மாவுக்கு ஒரு தொகை. அப்படியானால் நிஜத் தொகை மூன்றாவது ஒன்று இருக்கிறது. இல்லை என்று சொல்லாதே, உன்னைப் பெற்றவள் நான். பயந்து மறைத்திருக்கிறாய், அதுவும் எனக்குத் தெரியும். கோபம் இல்லை. கௌரிக்குக் கோபம் இருக்கிறது, அது அவளுடைய உரிமை. இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு அவள் எதிரில்தான் உட்கார்ந்திருப்பாள். படித்து முடித்தவுடன் முதலில் அவளிடம் அந்த மூன்றாவது தொகையைச் சொல். வாய் ஒரு தடவை பழகிவிட்டால் பண்ணைக்காட்டில் சுலபமாக வரும். அங்கே வந்து குறைத்துச் சொல்லிப் பணம் வாங்கினாய் என்றால், அது அந்தப் பெண்ணின் கல்யாணக் காசில் கை வைத்த மாதிரி. அதைவிட நீ திங்கட்கிழமை கோர்ட்டுக்கே போய்விடு, நான் தடுக்க மாட்டேன்.

இன்னும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து உனக்காகப் பேசுவேன் என்று நினைத்துக்கொண்டு வராதே. தோப்பை மூன்று வருஷத்துக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டேன். காலையில்தான் முன்பணம் கைக்கு வந்தது. அதையும் கொண்டு வருகிறேன். அம்மா காசுதானே என்று இளிக்காதே, இதுவும் கடன்தான், நான் கையில் எண்ணிக் கொடுத்து வாய்விட்டுக் கடன் என்றே சொல்லப் போகிறேன். அதனால் அன்றைக்கு நான் அத்தைக்குப் பக்கத்தில், கொடுக்கிறவர்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். அத்தை இரக்கப்பட்டு விட்டுவிட்டாலும் நான் விட மாட்டேன். எப்போது திருப்பித் தருவாய் என்று உன்னிடம் முதலில் கேட்கப்போகிறவளே நான்தான்.

உன் அம்மா